கண்கட்டுக்குள் கிழக்கு

சிதம்பரத்தில் மாமா படுத்திருந்த வார்டின் ஜன்னலில் ஒரு பச்சைத் திரை இருந்தது. ஒரு காலையில் அதை நான் விலக்கியபோது வெயில் நேராக அவருடைய வலக்கன்னத்தில் விழுந்தது. கண்கள் இரண்டிலும் கட்டு. கன்னத்தை மெல்லத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இன்றும் எந்த ஜன்னல் திரையை விலக்கினாலும் அந்தக் கை நினைவுக்கு வருகிறது.

மாமா என் அம்மாவின் தம்பி. கடலூர் செம்மண்டலத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பு தெறித்து இரண்டு கண்ணும் வெந்துவிட்டன. பார்வை திரும்புமா என்பதைக் கட்டுப் பிரித்த பிறகுதான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். அப்போது நான் சிதம்பரத்தில் மொழியியல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. ஆங்கிலம், ஜெர்மன் முதலான ஜெர்மானிய மொழிகளின் திசைப்பெயர்களை ஆய்வுக்கு எடுத்திருந்தேன். அதைக் கேட்டு மாமா சிரித்திருந்தார்: "வெள்ளக்காரன் கெழக்க என்னான்னு கூப்புட்டா நமக்கென்னாடி? அவன் ஊட்டுக்கு வழி கேக்கவா போற?" எனக்கு ரோஷம் வந்து சில நாள் அவரோடு பேசவில்லை.

கட்டுப் போட்டதிலிருந்து அவருக்குத் திசை தொலைந்துபோனது. சோற்றுத் தட்டைக்கூட 'தெக்கால நவுத்து' என்று சொல்லிப் பழகியவர். வலியைவிட இதுதான் அவரை வாட்டியது. "வடக்க தல வச்சிப் போட்டுட்டீங்களா? கண்ணு எப்புடி வரும்?" என்று அத்தையிடம் சண்டை.

"தெக்கதான்யா இருக்கு."

"கோயில்லயே வாசல் மாறி வெளிய வந்தவதான நீ!"

அந்த வெயில் விழுந்த காலையில் நான் படித்ததை அவரிடம் சொன்னேன். அந்த மொழிகளில் கிழக்கைக் குறிக்கும் சொல் விடியலின் வேரிலிருந்து வந்தது. மேற்கு, மாலைப்பொழுதோடு உறவுள்ளது. தெற்கு, சூரியனின் பக்கம் என்கிறார்கள். ஐரோப்பாவில் நடுப்பகலில் வெயில் தெற்கில்தான் நிற்கும். உதயத்தைப் பார்த்து நின்றவனின் இடக்கைப் பக்கம் வடக்கு ஆகியிருக்கலாம். அது மட்டும் உறுதியில்லை. நமக்கோ கிழக்கு என்பது கீழ்ப்பக்கம், மேற்கு மேல்பக்கம். நிலம் கடலை நோக்கிச் சரிகிறது.

"நம்மாளு தண்ணி ஓடுறதப் பாத்தான், அவன் வெயிலப் பாத்தான்," என்றார் மாமா. "குளுருல கெடந்தவன் வேற எதத் தேடுவான்?"

பிறகு வலக்கையை ஜன்னல் பக்கம் நீட்டினார். "இது கெழக்கு. அப்ப காலு வடக்க, தல தெக்க." நீளமாக மூச்சு விட்டார். "ஒன் வெள்ளக்காரன் நின்னுக்கினு கண்டுபுடிச்சான். நான் படுத்துக்கினே கண்டுபுடிச்சிட்டேன் பாரு." அன்று பகல் முழுவதும் அயர்ந்து தூங்கினார்.

கட்டுப் பிரித்த நாளில் டாக்டர் விரலை நீட்டி எத்தனை என்று கேட்டார். மாமா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். "வெரலு தெரியல. கெழக்கு தெரியுது," என்றார். அத்தை சுவரில் சாய்ந்து அழுதார்.

இடக்கண் திரும்பவே இல்லை. வலக்கண்ணில் மெல்ல மெல்லப் பார்வை வந்தது. நான் இப்போது கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். போன வாரம் செம்மண்டலம் போனபோது, மாமா கிழக்கு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஜன்னலுக்குத் திரை போட அவர் விடுவதே இல்லை. பேசிக்கொண்டே குறுக்கே நின்றுவிட்டேன்.

"புரொபசரம்மா, கொஞ்சம் வடக்கால நவுரு. வெயில மறைக்கிற."

அவருடைய இடக்கைப் பக்கமாக நகர்ந்தேன். வெயில் முறத்தில் விழுந்தது. ஒரு கல்லை எடுத்து வெளியே போட்டார்.