சிமெண்ட் ஜன்னலின் பூ

நான் தைத்து விற்கும் துணிப்பைக்குப் புது டிசைன் தேடிச் செங்கம் சாலையில் நடந்தபோது, ஒரு பழைய வீட்டுச் சுவரில் பூ வடிவ ஓட்டைகள் கொண்ட சிமெண்ட் ஜன்னலைப் பார்த்தேன். வரையப் பென்சிலை எடுத்தேன்.

பதின்மூன்று வயதில் நான் பெரியவளான மறுநாள் மலைமேல் கார்த்திகை தீபம். இதே போன்ற ஜன்னல் உள்ள பின்னறையில் என்னைத் தனியாக உட்காரவைத்திருந்தார்கள்.

“மாடியில ஒரு ஓரமா நின்னு பாத்துட்டு வந்துடறேம்மா.”

“தீட்டோட பாக்கக் கூடாதுடி. பத்து நாள் எரியுமில்ல, அப்புறம் பாத்துக்க.”

“அக்காவுக்குத் தண்ணி ஊத்தறதுக்குள்ள அணைஞ்சிடும்மா,” என்று தங்கை சிரித்தாள். எல்லோரும் மாடியேறினார்கள்.

ஜன்னலில் முகத்தை அழுத்தினேன். மலை அந்தப் பக்கம் இல்லை. பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரிந்தது. ஊரே ‘அரோகரா’ என்று கத்தியது.

இறங்கிவந்த தங்கை அறைக்கு வெளியே நின்றபடி கேட்டாள்: “என்னக்கா, கன்னத்துல பூ?”

செங்கம் சாலை ஜன்னலின் பூவில் ஒரு இதழ்கூட வரையவில்லை. வேறு சுவர் தேடி நடந்தேன்.