சொட்டு எண்ணுகிற லிஃப்ட்காரன்

"ஆயிரத்து நூத்திப் பதினாறு, ஆயிரத்து நூத்திப் பதினேழு" என்று, கவிழ்த்த பக்கெட்டின் மேல் குந்திக்கொண்டு சொட்டு எண்ணுகிறான் லிஃப்ட்காரன். கூடத்துக் கண்ணாடித் தொட்டியிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று இறங்குகிறது. நடுவில் ஒரு முடிச்சு. நுனியிலிருந்து உப்புத் தண்ணீர், நொடிக்கு இரண்டு சொட்டு, தரையிலிருக்கும் டப்பாவில் விழுகிறது. டப்பாவுக்குள் கட்டைவிரல் பருமனில் உயிருள்ள பவளத்துண்டு. தண்ணீர் மாறி வந்திருக்கிறது, பழக வேண்டும். ஒரு மணி நேரம் எண்ணுவான். நடுவில் யார் பேசினாலும் மாடு வாலை ஆட்டுகிற மாதிரி கையை மட்டும் ஆட்டுவான்.

ஆளைத் தெரிந்தவர்கள் இதைக் கண்டால் கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு தரம் பார்ப்பார்கள். நின்றுபோன லிஃப்டை ஓடவைக்கிற தொழில். சாப்பாடு நாலு நிமிஷம், குளியல் மூன்று. கல்யாணப் பேச்சைக்கூட லிஃப்டுக்குள்ளேயே முடித்தவன். "ஏழாவது மாடி வர்றதுக்குள்ள பதில் சொல்லுன்னாரு. எனக்கு வேலையே அஞ்சாவது மாடியிலதான். இறங்க விட்டாரா மனுஷன்?" என்பாள் மனைவி, திரைச்சீலை தைத்துக்கொண்டே.

பவளத்தின் மேல் ஆசை வந்தது நாற்பத்தொன்பதாம் வயதில். "பவளம் வாங்கியாறேன்னாரு. கழுத்துக்குன்னு நெனச்சு நானும் தலை சீவிக்கிட்டு நின்னேன். பையில தண்ணியோட வந்து நிக்கிறாரு!" என்று அவள் சொல்லும்போது, அவன் வெட்கமில்லாமல் கூடவே சிரிப்பான்.

மூன்றைக் கொன்றிருக்கிறான். எல்லாம் அவசரத்தில்தான். முதலாவதைப் பையோடு வந்த கையோடு தொட்டியில் கவிழ்த்தான். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை. இரண்டாவதை முதல் நாளே உச்சிப் பாறையில், விளக்குக்கு நேர் கீழே உட்கார வைத்தான். ஒரே வாரத்தில் வெளுத்துச் சுண்ணாம்பாகிவிட்டது. மூன்றாவதை, மீன்கடையிலிருந்து இரவல் வாங்கி வந்த இன்னொரு பவளத்துக்குப் பக்கத்தில் நெருக்கி வைத்தான். அது கொடுக்கை நீட்டிக் கொட்டியே கொன்றுவிட்டது. பக்கத்து வீட்டுச் சண்டை கடலுக்கடியிலும் உண்டு.

அன்றைக்கே மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "இன்னும் ஒண்ணே ஒண்ணு. அதுவும் செத்துச்சுன்னா தொட்டியைத் தூக்கி யாருக்காவது குடுத்துடுவேன். அந்த எடத்துல என் தையல் மிஷின் உக்காரும்."

நாலாவதை வாங்கும்போது மீன்கடைக்காரரும் கும்பிடாத குறையாகச் சொன்னார், "சார், இதையும் கொன்னுட்டு வந்து நிக்காதீங்க."

அந்த நாலாவதுக்காகத்தான் இத்தனை எண்ணிக்கை. பையை அப்படியே தொட்டியில் மிதக்கவிட்டு இருபது நிமிஷம் சூடு சமமாக்கினான். குழாயைப் போட்டான். இரண்டாயிரத்து நாற்பதாவது சொட்டில் போன் அடித்தது. ஓர் அடுக்குமாடிக் காவல்காரர். லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது, உள்ளே பல் டாக்டரும் அவர் மாமியாரும்.

"மூச்சு விடுறாங்களா?"

"விடுறாங்க. சண்டையும் போடுறாங்க."

"அப்ப நல்லாத்தான் இருக்காங்க. எனக்கு இங்க ஒரு உயிரு சொட்டுத் தண்ணியில ஊசலாடுது, அரை மணி பொறு."

மனைவி வந்து அவன் காதைப் பிடிக்காத குறை. "எழுந்திருங்க. நான் எண்ணுறேன். எந்த நம்பர்?"

சொல்லிவிட்டு ஓடினான். போன இடத்தில் நடந்ததைக் காவல்காரர் இன்றும் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். லிஃப்டைத் தளத்துக்குக் கொண்டுவந்து, கதவை நாலு விரல் அகலம் மட்டும் திறந்து நிறுத்தினானாம். "அப்படியே நில்லுங்க. மொதல்ல வெளிச்சத்துக்குக் கண்ணு பழகட்டும்."

"யோவ், கதவத் திறய்யா!" என்று டாக்டர் அலற, "அவசரப்பட்டா வெளுத்துடுவீங்க சார்" என்று இவன் சொல்ல, மாமியார் கைப்பையால் கதவிடுக்கு வழியாக இவன் மூக்கில் ஒரு குத்து விட்டார்.

வீங்கிய மூக்கோடு திரும்பினால், மனைவி பக்கெட் மேல் நிமிர்ந்து உட்கார்ந்து எண்ணுகிறாள். "நீங்க போற போக்குல கால் பட்டு முடிச்சு தளந்து, தண்ணி ஒழுகலாக் கொட்டுச்சு. நான்தான் இறுக்கினேன். பேசாதீங்க, அஞ்சாயிரத்து ஏழு."

பிறகு பழுப்பு மருந்துத் தண்ணீரில் ஒரு முக்கு. ஒட்டிக்கொண்டு வந்த புழுவெல்லாம் உதிர்ந்தது. "பேன் பாக்குற மாதிரியில்ல இருக்கு!" என்று அவளும் குனிந்து பார்த்தாள். அவன் கை பழக்கதோஷத்தில் உச்சிப் பாறைக்குப் போனது. பட்டென்று ஓர் அடி விழுந்தது. "கீழ. நிழல்ல. நாலு நாளைக்கு ஒரு படிதான் ஏத்தணும்." பவளம் அடித்தட்டில் உட்கார்ந்தது.

உட்கார்ந்ததே தவிர, விரியவில்லை. மூடின முஷ்டி மாதிரி ஒன்பது நாள். அவன் எழுந்ததும் அங்கேதான், வேலை முடிந்து வந்ததும் அங்கேதான். "ராசாத்தி, ஒரு விரலையாவது காட்டேன்" என்று கண்ணாடியோடு கெஞ்சினான். "என்கிட்ட ஒரு நாளாவது இப்படிக் கெஞ்சியிருக்கீங்களா?" என்றாள் மனைவி. அவள் தையல் மிஷினைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருந்ததையும் அவன் பார்த்தான்.

பத்தாம் நாள் முன்பகலில் அவள் போன் செய்தாள். "வீட்டுக்கு வாங்க."

"போச்சா?"

"வாங்கன்னா வாங்க."

லிஃப்டுக்குக் காத்திருக்க அவனுக்குப் பொறுமையில்லை. நாலு மாடியையும் படியில் ஏறி, புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்க உள்ளே வந்தான். அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துத் தொட்டிமுன் குனிய வைத்தாள்.

முஷ்டி திறந்திருந்தது. பொடிப்பொடியாகப் பச்சை விரல்கள், நுனிக்கு நுனி ஊதாப் பொட்டு, ஓடுகிற தண்ணீரில் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தன.

அவன் கூவ வாயைத் திறந்தான். அவள் உள்ளங்கையால் பொத்தினாள். "கத்தினீங்க, அது மூடிக்கிச்சு, உங்கள என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது" என்று கிசுகிசுத்தாள்.

தொண்ணூறு கிலோ மனுஷன், தோளில் தொங்கிய கருவிப் பையில் ஸ்பேனர்கள் இடித்துக்கொள்ளாமல் மார்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டு, நுனிக்காலில், சத்தமே இல்லாமல், கூடத்தைச் சுற்றிச் சுற்றி ஆட ஆரம்பித்தான்.