அருவித் தண்ணீரில் கரைத்த பென்சிலின்

1963 ஆனிக் கடைசியில் நான் குற்றாலம் போனது குளிக்க அல்ல. தென்காசியில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை சிவகாமி, ஐந்தருவிப் பாறையில் வழுக்கி இடது கால்விரல்களைக் கிழித்துக்கொண்டிருந்தாள். குற்றாலத்திலேயே ஒன்பது நாள் பென்சிலின் ஊசி போட்டும் புண் ஆறவில்லை, காய்ச்சலும் விடவில்லை, தென்காசி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன் என்று மைத்துனர் தபால் அட்டை எழுதியிருந்தார்.

மதுரையிலிருந்து ரயில். காலை ஆறே காலுக்குத் தென்காசியில் இறங்கி நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கிருந்த பெண் டாக்டர், "ஒன்பது நாள் பென்சிலின் ஏறின உடம்பு மாதிரி இல்ல. அந்த மருந்துக் குப்பியக் கொண்டாங்க" என்றார்.

குற்றாலத்துக்கு எட்டு மணிப் பேருந்து. மூன்று மைலுக்குப் பதினைந்து நயா பைசா, இருபது நிமிடம். நல்ல சாரல். (குடை வீண், காற்று மடக்கிவிடும்.) பேரருவிக் கடைகளுக்குப் பின்னால், ஓடைக்கரையில், சிவகாமிக்கு ஊசி போட்ட மருந்தகம். கம்பவுண்டர் ஓடையில் குந்தியிருந்து காலிக் குப்பிகளை அலசிக்கொண்டிருந்தார். மிச்ச மருந்தெல்லாம் ஓடையில் கலந்தது. அதே இடத்தில் ஒரு செம்பு தண்ணீர் மொண்டு உள்ளே வந்து, பென்சிலின் தூளில் ஊற்றிக் குலுக்கினார்.

"அண்ணாச்சி, காய்ச்சாத தண்ணியா?"

"காச்சினா மூலிகைச் சத்து போயிருமேவே! எத்தன பச்சிலையத் தொட்டு வருது இந்தத் தண்ணி. மருந்தோட மருந்து சேருது. பட்டணத்து ஊசிக்கு இந்த வீரியம் உண்டா?"

அலமாரியில் பாதிக் குப்பி ஒன்று கலங்கலாக இருந்தது. எப்போது கலந்தது என்றேன்.

"முந்தாநேத்து. ஏன், ஊசிப் போயிருமா, சோறா இது?" சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

 அந்தக் குப்பியைப் பிடுங்கிக்கொண்டு பேருந்து ஏறினேன்.

டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மண்ணுலயும் தண்ணியிலயும் பென்சிலின உடைச்சுப்போடுற கிருமிகள் உண்டு. மருந்து கொட்டுற ஓடையில அதுகதான் தாக்குப்பிடிச்சுப் பெருகும். ஓடைக்கு அது நல்லது, கொட்டின மருந்து அங்கேயே அழிஞ்சிரும். அதே கிருமியக் குப்பிக்குள்ள விட்டு ரெண்டு நாள் வச்சா என்ன மிஞ்சும்? உங்க தங்கச்சிக்கு ஏத்தினது ஓடைத்தண்ணி."

காய்ச்சி ஆறிய நீரில் புது மருந்து போட்டார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஆனால் இரண்டு விரல்கள் முன்பே கறுத்துவிட்டன. எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் கம்பவுண்டர் ஆஸ்பத்திரிக்கே வந்தார். கையில் ஒரு பாட்டில் அருவித் தண்ணீர், காலில் ஊற்ற! நான் போட்ட சத்தத்தில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. சிவகாமி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அவர வையாதீய அண்ணே. நல்லது நெனச்சுத்தான செஞ்சாரு."

நல்லதுதான் நினைத்தார். அதனால்தான் நாளைக்கும் அதையே செய்வார்.

சாரலுக்குப் போகிறவர்கள் தாராளமாகக் குளியுங்கள். ஊசி போட நேர்ந்தால், தண்ணீர் கொதிக்கும் அடுப்பைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் கண்ணெதிரே புதுக் குப்பியை உடைக்கச் சொல்லுங்கள். முறைத்தால் எழுந்துவிடுங்கள். தென்காசி மூன்று மைல்தான். பதினைந்து நயா பைசா. என் தங்கையின் இரண்டு விரல்களும் பிழைக்க அந்தத் தூரம்தான் இருந்தது.