அண்ணரின் ஜீப் வழியில் நிற்கவில்லை

எமது அண்ணர் புளியங்கூடலில் பிறந்தார். அப்பாவுக்குத் தென்பகுதியில் கடை இருந்தது. இனக்கலவரத்தில் அது போனது. அப்பா வெறுங்கையோடு ஊர் திரும்பியபோது அண்ணர் பள்ளிக்கூடத்தை விட்டு வயலில் இறங்கினார். அக்காவைக் கட்டிக்கொடுத்தார். என்னைப் படிக்க வைத்தார். வெளிநாடு போகச் சொன்னபோதும் போகவில்லை.

இவை எல்லோருக்கும் தெரிந்தவை. நான் எழுத வந்தது வேறு. அண்ணரின் செத்தவீட்டுப் பந்தலில் சிலர், "அந்தப் பழைய ஜீப் பாதிவழியில நிண்டதாலதான் ஆள் தப்பேல்லை" என்று கதைத்தார்கள். அது பொய்.

ஜீப் முன்பு நின்றது உண்மை. மணல் ஒழுங்கையிலும் உழுத வயலிலும் ஓடும் வாகனம், மத்தியானத்தில், தீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கடல் மேலால் போகும் பண்ணைத் தாம்போதியின் நடுவே வந்ததும் மூச்சு விடாமல் நின்றுவிடும். கனடாவிலிருந்து வந்திருந்த அக்கா ஒருநாள் அண்ணரிடம், "தம்பி, இந்த இடத்தில ஏதோ இருக்கு. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் அடி" என்றார். கடற்காற்றில் கற்பூரம் அணைந்து அணைந்து எரிந்தது. தேங்காய் உடைத்து, கும்பிட்டு ஏற, ஜீப் கிளம்பியது. "பாத்தியோ?" என்றார் அக்கா. அன்றிலிருந்து ஜீப்பின் முன் சீற்றின் கீழே எப்போதும் தேங்காய் இருந்தது.

கற்பூரம் எரிந்து முடியுமட்டும் எஞ்சின் ஆறுகிறது என்பதை அண்ணர் கண்டுகொண்டார். அடுத்த முறை நின்றபோது தேங்காயை உடைத்து, அதன் தண்ணீரை எஞ்சினோடு இருந்த பெற்றோல் பம்பின் மேல் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் ஜீப் கிளம்பியது.

"அக்கா, பிள்ளையாருக்கு இல்லை, பம்புக்குத்தான் தண்ணி விடாய்" என்றார் அண்ணர்.

"வாயைக் கழுவு!" என்ற அக்கா, விமானம் ஏறும்வரை அவரோடு கதைக்கவில்லை.

விடயம் இதுதான். எஞ்சின் சூட்டில் குழாயிலுள்ள பெற்றோல் கொதித்து ஆவியாகிறது. ஆவியைப் பம்பால் இழுக்க முடியாது. அண்ணர் எஞ்சினோடு இருந்த பம்பைக் கழற்றி எறிந்தார். பின்னால், பெற்றோல் தாங்கிக்குப் பக்கத்தில், மின்சாரப் பம்ப் ஒன்றைப் பூட்டினார். குழாயைப் புகைக்குழாய்க்கு எட்டாமல் மறுபக்கத்தால் கொண்டுபோனார். மிஞ்சும் பெற்றோல் தாங்கிக்கே திரும்ப இன்னொரு குழாய் போட்டார். சூடு படும் இடத்தில் தகரம் அடித்தார். "பழைய இரும்புக்கு வைத்தியம்" என்று நக்கலடித்தவர்கள்தான் இன்று பொய் சொல்கிறார்கள்.

அண்ணருக்கு நெஞ்சுவலி வந்ததும் நல்ல வெயிலில்தான். பக்கத்து வீட்டுச் செல்வம் ஜீப்பை ஓட்டினார். அண்ணர் என் மடியில் கிடந்தார். தாம்போதியில் கண்ணைத் திறந்தார்.

"பம்ப் சத்தம் கேக்குதோ?"

"ஓம் அண்ணை."

"அப்ப ஓடச் சொல்லு. தேங்காய் தேவையில்லை."

எங்கும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில்தான் செல்வம் எஞ்சினை நிறுத்தினார். வைத்தியர்கள் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். அன்று பின்னேரம் அண்ணர் இறந்தார்.

செல்வத்துக்கும், அண்ணரைப் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், செத்தவீட்டில் சமைத்தவர்களுக்கும், பூதவுடலைக் காவிச் சென்றவர்களுக்கும், முப்பத்தோராம் நாளான இன்று அந்தியேட்டிக்கு வந்த உங்களுக்கும் எமது குடும்பத்தின் நன்றி. பந்தலில் கதை கட்டியவர்களுக்கு நன்றி இல்லை. ஜீப் முற்றத்தில் நிற்கிறது. சாப்பிட்டு முடிய, இதே வெயிலில், பண்ணைத் தாம்போதி கடந்து போய் வரப்போகிறேன். சந்தேகம் உள்ளவர்கள் ஏறலாம். முன் சீற்றில் இடமில்லை. அதில், செத்தவீட்டுக்கு வந்து நிற்கும் அக்கா இருப்பார். சீற்றின் கீழே கிடந்த தேங்காயை இன்று காலை அவரே எடுத்துக் கறிக்குத் துருவிவிட்டார்.