முகாமுக்குப் போன வீட்டுப் புதினம்

கராம்பு காயவைத்த பாயின் ஓரத்தில் உட்கார்ந்துதான் உம்மா கடிதம் எழுதுவார் என்பதால், எங்கள் வீட்டிலிருந்து வடக்கே போன ஒவ்வொரு தாளிலும் கராம்பு வாசம் ஏறியிருக்கும். அக்குறணைக்கு மேலே ஒரு மேட்டில் எங்கள் வீடு. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நானா என்று நான் கூப்பிடும் என் அண்ணன் ராணுவத்தில் லொறி சாரதியாகச் சேர்ந்து வடக்கில் ஒரு முகாமில் இருந்தார். ஊர்ப் பிள்ளைகள் கடைகளிலும் சவூதியிலும் இருக்க, எங்கள் பிள்ளை மட்டும் துவக்குகளுக்கு நடுவில் இருந்ததால், கல்யாண வீட்டில்கூட உம்மாவிடம் அவரைப் பற்றி ஒருவரும் விசாரிப்பதில்லை. கேட்டால் அழுதுவிடுவார் என்று பயந்தார்களாம். நல்ல பயம்! கேட்காததால்தான் அவர் வீட்டுக்கு வந்து அழுதார்.

உம்மா பள்ளிக்கூடம் போனவரல்ல. சின்ன வயதில் "ஓதப் போன" இடத்தில் படித்த அரபு எழுத்தைக் கொண்டே தமிழை எழுதுவார்; அந்தக் காலத்துப் பெண்கள் பலருக்கும் அதுதான் கைவழக்கம். நானாவுக்கும் அதை வாசிக்கப் பழக்கியிருந்தார். கூரை ஒழுகுவது, ஆடு கயிற்றை அறுத்தது, வாப்பாவின் இருமல், மிளகுக் கொடியில் பூச்சி விழுந்தது என்று வாய்க்குள் சொல்லிச் சொல்லி அவர் எழுதுவதை, அந்த எழுத்துத் தெரியாத நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

லீவில் வந்த நானா ஒருமுறை சொல்லிச் சிரித்தார். அவர் கடிதத்தை விரித்ததும், குர்ஆன் ஓதுகிறார் என்று நினைத்து முகாமில் சிங்களப் பையன்கள் பேச்சை நிறுத்திவிடுவார்களாம். ஒருவன் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் பக்கத்தில் வருவானாம். உம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"கூரை ஒழுகுற கதைக்கா சப்பாத்தக் கழட்டுற? அது பாவம், மகன்," என்றார்.

அதற்குப் பிறகு உம்மாவின் கடிதங்கள் மாறிப்போயின. மற்றவர்கள் மரியாதை வைக்கும் தாளில் ஆட்டையும் கூரையையும் எழுதக் கூசி, பிஸ்மில்லாஹ் தொடங்கி ஆமீன் வரை துஆக்களாகவே எழுதி அனுப்பினார். நானாவின் பதில் வழக்கமான தமிழில் வந்தது. நான்தான் வாசித்துக் காட்டினேன். "உம்மா, துஆ எல்லாம் எனக்கும் பாடம். வீட்டுப் புதினத்த எழுதுங்க, ஆடு, கூரை, என்னென்ன நடந்த எண்டு. இங்க இருந்தா வீடே மறந்து போகும் போல ஈக்கி."

உம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாயோரத்தில் உட்கார்ந்து தாள் தாளாக எழுதினார். இந்த முறை வாய்க்குள் சொல்லிக்கொள்ளாததால், என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியவில்லை. இடையிடையே தனக்குள் சிரித்ததை மட்டும் பார்த்தேன்.

பதிலுக்குப் பார்த்திருந்தோம், அதிகாரி ஒருவரோடு ராணுவ ஜீப் வந்தது. நானாவின் லொறி கண்ணிவெடியில் அகப்பட்டிருந்தது. திறக்கக் கூடாத பெட்டி. ஜனாஸாவைக் குளிப்பாட்டக்கூட எங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை. உம்மா அந்த அதிகாரியிடம் கேட்டது ஒன்றைத்தான்: "என்ட கடிதம் அவனுக்குக் கெடச்சா?" அவருக்குத் தெரியவில்லை. மாதக்கணக்காக அந்தக் கேள்வி வீட்டுக்குள் நடமாடியது.

பிறகொரு நாள், நானாவோடு அந்த லொறியில் போய் உயிர் தப்பிய மாத்தளைப் பக்கத்துச் சிங்களப் பையன் ஒருவன், ஊன்றுகோலோடு எங்கள் மேட்டில் ஏறி வந்தான். கதிரையில் இருத்தித் தேத்தண்ணீர் கொடுத்தோம். உடைந்த தமிழில் அவனே பேச்சைத் தொடங்கினான்.

"அம்மா, அண்டைக்குக் காலையில கடிதம் வந்த. படிச்சுப்போட்டு லொறியில ஏறின. வழி எல்லாம் சிரிப்பு. ஏன் எண்டு கேட்டா, சொல்லவும் ஏலாம சிரிப்பு. அதில என்ன அம்மா எழுதின?"

உம்மா தன் சந்தைச் சிங்களத்தில் சொன்னார். வெள்ளிக்கிழமை, வாப்பாவின் தொப்பியில் பின்பாதியை ஆடு தின்றுவிட்டது. அவர் கவனிக்காமல் அதையே போட்டுக்கொண்டு ஜும்ஆவுக்குப் போய் முன் வரிசையில் நின்றார். பின்வரிசை முழுக்கச் சிரிப்பை அடக்கிக்கொண்டு தொழுதது. அந்தப் பையன் வாய்விட்டுச் சிரித்தான். உம்மாவும் சிரித்தார், சிரித்தபடியே அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வாப்பா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உம்மா அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு யாரிடமும் கேட்கவில்லை.

இப்போது உம்மாவும் இல்லை, வாப்பாவும் இல்லை; ஆட்டுக்கொட்டில் இருந்த இடத்தில் யாரோ வாகனம் நிறுத்துகிறார்கள். கட்டாரில் வேலை செய்யும் என் மகன் நாள்தோறும் போன் எடுக்கிறான். "சுகமா உம்மா?" என்கிறான். "அல்ஹம்துலில்லாஹ், சுகம் மகன்," என்கிறேன். அவனுக்கு வேலைக்கு நேரமாகிவிடும். போனை வைத்த பிறகு, அன்றன்றைய வீட்டுப் புதினத்தையெல்லாம் அடுப்படியில் நின்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.