சாக்கு அக்கா

தீவனம் தீர்ந்த சணல் சாக்கின் தையலைப் பல்லால் கடித்து நூலை உருவுகிறாள். நூல் அறாமல் ஒரே இழுப்பில் வந்துவிட்டால் முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு. சாக்கை உதறிக் கூண்டுக் கம்பிகளுக்கிடையே நுழைக்கிறாள். உள்ளே நிறைமாதமாக நிற்கும் பன்றி அதைப் பிடுங்கி, மிதித்து, மூக்கால் புரட்டி, நார்நாராகக் கிழிக்கிறது.

"கிழிடி, நல்லா கிழி. வேற என்ன இருக்கு உனக்கு இங்க? சிமெண்டையா கிண்டுவே?"

பன்றிப் பண்ணையின் பிரசவக் கொட்டகை அவள் பொறுப்பு. குட்டி போடும் நேரம் நெருங்கினால் பன்றி தானே புல்லைச் சேர்த்துப் படுக்கை அமைக்கப் பார்க்கும். புல்லும் சுள்ளியும் கிடைக்காவிட்டால் வெறுந்தரையையாவது சுரண்டித் தவிக்கும். வைக்கோல் போட்டால் கழிவுக்குழாய் அடைத்துக்கொள்கிறது என்று பண்ணையில் தடை. அதனால் சாக்கு. அதனால் அவளும் சாக்கு அக்கா. பெயருக்கு இன்னொரு காரணமும் உண்டு. எந்தப் பன்றி என்ன அட்டூழியம் செய்தாலும் அதற்குச் சொல்ல அக்காவிடம் ஒரு சாக்கு இருக்கும் என்று வேலையாட்கள் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

பருத்த உடம்பு, பூனை நடை. ரப்பர் பூட்ஸில் ஒன்று கறுப்பு, இன்னொன்று பச்சை. "ரெண்டும் ஒரே நாள்ல கிழியலையே, நான் என்ன பண்ண?"

தீவனக் கம்பெனி வேலையாக நான் அங்கே போய்வருகிறவன். முதல் தடவை போனபோது ஒரு தாய்ப்பன்றி, அப்போதுதான் பிறந்த தன் குட்டியைக் கவ்வி உதறுவதைப் பார்த்துவிட்டு வாசலில் வாந்தி எடுத்தேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது அவள்தான்.

"எல்லாம் இப்படிப் பண்ணாது சார். தலையீத்துல சிலதுதான். உசிரு போற வலி. பின்னாடி என்னமோ கத்திக்கிட்டு ஓடுது. அது தன் குட்டின்னு அதுக்கு யார் சொன்னா? பயந்து கடிச்சிடுது."

அப்படிப்பட்ட தாயிடம் அவள் குட்டிகளை விட்டுவைப்பதில்லை. விழ விழ எடுத்துத் துடைத்து, சூட்டு பல்புக்குக் கீழே பெட்டியில் போட்டுவிடுவாள். எல்லாம் பிறந்து முடிந்து தாய் தளர்ந்ததும் மடியை நீவிக்கொடுத்து ஒரு குட்டியை மட்டும் காம்பில் வைப்பாள். தாயின் வாய்க்கும் குட்டிக்கும் நடுவே தன் கை. அந்தக் கையில் நேராக இருக்கும் விரல்கள் குறைவு.

தாயை இழந்த ஒரு பெண்குட்டியை அவள் மடியில் போட்டுப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள். அது கழிப்பறை வாசல்வரை அவள் பின்னாலேயே அலையும். "ரெண்டும் பையனாப் போச்சு எனக்கு. இதுதான் பொண்ணு" என்பாள். அந்தப் பெண் வளர்ந்து முதல் ஈற்றில் தன் குட்டிகளில் பாதியைக் கடித்துக் கொன்றது.

மேனேஜர் இளைஞன், கெட்டவனில்லை. "கடிக்கிறத வச்சிக்கிட்டு முதலாளிக்கு நான் என்னக்கா பதில் சொல்றது? லாரியில ஏத்திடலாம்."

"தலையீத்து தம்பி. அடுத்த தடவை பாருங்க, பூ மாதிரி வச்சுக்கும். நான் பொறுப்பு."

அவள் வார்த்தைக்காக விட்டுவைத்தான்.

அடுத்த ஈற்று அன்று நானும் அங்கிருந்தேன். சந்தடியில்லாத கடைசிக் கூண்டு, கை நிறையச் சாக்கு, டாக்டர் போட்ட மயக்க ஊசி என்று எதிலும் குறை வைக்கவில்லை அவள். குட்டிகளெல்லாம் நல்லபடியாகப் பிறந்து, ஒவ்வொன்றாகக் காம்பைப் பிடித்துக் குடித்தன. வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கேளுங்க சார், கேளுங்க! பால் குடிக்கக் கூப்பிடுது. பெத்தவ கூப்பிடுற சத்தம் இது!"

உள்ளேயிருந்து தாழ்ந்த, சீரான உறுமல் கேட்டது. காலி வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, காலையிலிருந்து மறந்திருந்த டீயைக் கேட்டு வாங்கினாள். டம்ளரில் பாதி இறங்கியிருக்கும். அலறல் கேட்டது.

அவள் ஓடிய வேகத்தில் நான் பின்தங்கிவிட்டேன். நான் போய்ச் சேர்ந்தபோது கூண்டுக்குள் மண்டியிட்டிருந்தாள். மடியில் ஒரே ஒரு குட்டி துடித்துக்கொண்டிருந்தது. அதுவும் சற்று நேரத்தில் அடங்கியது. பன்றி நிமிர்ந்து அவளைப் பார்த்தது. அடையாளம் தெரிந்துகொண்டு, ரத்தம் ஒட்டிய மூக்கை எப்போதும்போல அவள் கன்னத்தருகே நீட்டியது.

மேனேஜர் வந்து கூண்டுக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு, தனக்கே ஒரு பதில் வேண்டியிருந்தவனைப்போலக் கேட்டான்: "இதுக்கு என்ன சாக்கு சொல்லப்போறீங்கக்கா?"

"ஒண்ணுமில்ல தம்பி. எனக்குத் தெரியல."

கசாப்புக்கு ஏற்றும் லாரி வந்த அன்று பன்றி பலகையில் கால் வைக்க மறுத்தது. தள்ளினார்கள், அடித்தார்கள், வாலை முறுக்கினார்கள். கடைசியில் டிரைவர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அக்கா, நீங்க முன்னால ஏறினா வரும்."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பலகையில் ஏறி லாரிக்குள் நடந்தாள். அது அவள் பூட்ஸை முகர்ந்துகொண்டே பின்னால் ஏறியது. அடைத்ததும் பக்கக் கம்பி வழியாக அவள் இறங்கினாள்.

இப்போதும் சாக்குப் பிரிக்கிறாள். பன்றிகளோடு பேசுவது மட்டும் குறைந்துவிட்டது. கடிக்கிற ஒன்றை யாராவது "பிசாசு" என்றால் எதிர்த்துச் சொல்வதில்லை. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுத் தரையைக் கழுவுகிறாள்.

சென்ற வாரம் மேனேஜரின் மனைவி தலைச்சன் குழந்தையோடு பண்ணைக்கு வந்திருந்தாள். ஆபீஸ் அறையில் எல்லாரும் குழந்தையை மொய்த்துக்கொண்டார்கள். "அப்பனை உரிச்சு வச்சிருக்கு" என்று ஒருவர், "மூக்கு மட்டும் அம்மா" என்று இன்னொருவர். கை மாறிக் கை மாறிப் போய்க்கொண்டிருந்தது குழந்தை. பெற்றவள் சுவரோரம் நின்றிருந்தாள். போட்டுக்கொண்ட சிரிப்பை எடுக்க மறந்துவிட்ட முகம்.

அக்கா குழந்தையின் பக்கம் திரும்பவேயில்லை. நேராகப் பெற்றவளிடம் போனாள்.

"தூங்குறியாம்மா?"

"ம், தூங்குறேன்" என்றாள் அந்தப் பெண். பிறகு மெல்லத் தலையை இல்லையென்று ஆட்டினாள்.

பால் புட்டியும் துணிகளும் பிதுங்கிக்கொண்டிருந்த பையை அவள் தோளிலிருந்து கழற்றி, அக்கா தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.