துவைக்காத கவுன்

வீரம்மா துணியை முதலில் மோந்து பார்ப்பாள். பிறகு ஓங்கி ஓர் உதறு. அதன் பிறகுதான் தண்ணீர். பிரிக்பீல்ட்ஸ் ஆற்றங்கரையில் அந்த உதறல் சத்தம் காலை ஏழு மணிக்கே தொடங்கிவிடும். போன மாதம், ரயில்வே ஆபீசில் குமாஸ்தாவான என் சட்டையை மோந்துவிட்டு, "கிராணி ஐயா, நேத்து செந்தூல்ல விருந்தா? ரசம் இம்புட்டு மணக்குது" என்றாள். உண்மைதான். என் மனைவிக்குத் தெரியாததெல்லாம் இவளுக்குத் தெரியும் என்பதால், இவளிடம் நான் எப்போதும் மரியாதையாகவே நடந்துகொள்கிறேன்.

வயது ஐம்பது இருக்கும். ஒல்லியான தேகம். சவுக்காரம் தின்ற விரல்கள். தான் மட்டும் வெள்ளை உடுத்தமாட்டாள்; கரும்பச்சைச் சேலைதான். "வெள்ளையப் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு" என்பாள். வானத்தில் அழுக்கு மேகம் கூடினால் அண்ணாந்து பார்த்து, "வெள்ளாவி பத்தல" என்று குறை சொல்வாள். ஒரு காலத்தில் ரயில்வே பங்களாக்களில் எல்லாம் 'வெள்ளைக்கு வீரம்மா' என்றே பேச்சு.

அந்தப் பேரைக் கெடுத்தது ஒரு நாய். எஞ்சினியர் துரை வீட்டுத் துரைசாணியம்மா, 'பேர்ல்' என்று பெயரிட்டு ஒரு வெள்ளை நாய் வளர்க்கிறார். நாய்க் கண்காட்சிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அதன் முன்னங்கால்களில் செம்மண் பூசியதுபோல் பழுப்பேறியிருந்தது. என்ன குளிப்பாட்டியும் போகவில்லை. துரைசாணியம்மா வீரம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். வீரம்மா தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். மஞ்சள் ஏறின சட்டைக்கு என்ன போடுவாளோ அதையே போட்டாள். நீலம்!

பங்களா நிழலில் கால் பால்போல் இருந்ததாம். திடலில் வெயில் பட்டதும் வானத்து நிறம் காட்டிவிட்டது. நடுவர் வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துத் தேய்த்தார்; நீலம் ஒட்டிக்கொண்டது. நாய்க்குச் சாயம் பூசுவது அங்கே பெரிய குற்றம். எல்லோரும் பார்க்க பேர்லை வெளியே அனுப்பிவிட்டார்கள். மறுநாள் முதல் மாட்டுவண்டிக்காரர்கள்கூட 'நீலக்காரி' என்று கூப்பிட்டார்கள். மூன்று பங்களாக்கள் துணி போடுவதை நிறுத்தின.

"சட்டை கெட்டா ஒரு வூட்டுக்குத்தான் தெரியும், ஐயா. இது ஊருக்கே தெரிஞ்சுபோச்சு" என்று அவள் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த கண்காட்சி ஆறு மாதம் கழித்து. அதற்குள் நாயின் காலை வீரம்மாவேதான் சரிசெய்து தரவேண்டும். அதிலும் கைக்குட்டையில் கறை பட்டால் இனி எந்த பங்களாத் துணியும் கிடையாது என்று துரைசாணியம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வீரம்மா இந்தத் தடவை அவசரப்படவில்லை. "கறை எங்கேருந்து வருதுன்னு பாக்காமக் கல்லுல அடிச்சா துணிதான் கிழியும்" என்று, மூன்று மத்தியானம் பங்களாவின் பின்படியில் உட்கார்ந்து நாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஓயாமல் காலை நக்கியது. எச்சில் காய்ந்து காய்ந்துதான் அந்தப் பழுப்பு. எப்போதிருந்து இப்படி என்று சமையல்காரரிடம் கேட்டாள். துரையின் எட்டு வயது மகள் சின்ன மிஸ்ஸியைப் படிப்புக்காகச் சீமைக்குக் கப்பலேற்றிய நாளிலிருந்து என்றார் அவர்.

அன்று முதல், துரைசாணியம்மாவிடம் கேட்டுக்கொண்டு, பேர்லைத் தினமும் மத்தியானம் ஆற்றங்கரைக்குக் கூட்டிவந்தாள். முதலில் அங்கேயும் அது காலைத்தான் நக்கியது. ஒருநாள் வீரம்மாவின் மூட்டைக்குள் மூக்கை நுழைத்து, ஒரு சின்ன கவுனை இழுத்துப் போட்டு, அதன்மேல் இரண்டு கால்களையும் வைத்துத் தூங்கிப்போனது. அதற்குப் பிறகு நக்கவே இல்லை. பழைய மயிரை நுனி நுனியாக வெட்டிவிட்டாள். வேரிலிருந்து வெள்ளையாக வந்தது.

அந்த மத்தியானங்களில் நானும் போய் உட்கார்வதுண்டு. புல்வெளி முழுக்க வேட்டிகளும் விரிப்புகளும் வெயிலில் கிடக்கும். காற்று வந்தால் எல்லாம் ஒரு மூச்சு ஏறி இறங்கும். தூரத்தில் கிள்ளான் ரயில் கூவும். எது நாய், எது துணி, எது மேகம் என்று தெரியாமல் கண் சொக்கும். அந்த வெள்ளைக்கு நடுவே கவுன் ஒன்றுதான் அழுக்கு.

"இதை மட்டும் ஏன் வெளுக்கல?" என்று கேட்டேன்.

"சின்ன மிஸ்ஸி கடைசியாப் போட்டது. மங்குஸ்தான் கறை, லேசுல போவாதுன்னு ஒதுக்கி வச்சிருந்தேன். இப்பத் துவைச்சா அந்தப் புள்ள வாசம் போயிடும்லா."

"துரைசாணியம்மா கேட்டால்?"

"வாரா வாரம் கேக்குறாங்க. கறை போவல, வர்ற வாரம்னு சொல்லிக்கிட்டு வரேன்." குரல் இறங்கியது. "தொலைச்சிட்டேன்னு நெனைக்கிறாங்க, ஐயா."

வெளுக்கப் போட்ட துணியைத் தொலைத்தவள் என்ற பேர், நீலக்காரி என்பதைவிடப் பொல்லாதது.

போன சனிக்கிழமை கண்காட்சி. அதே நடுவர். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, வீரம்மா தானே தேய்த்துக் கொடுத்த என் சட்டைக் கையைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தாள். நடுவர் கைக்குட்டையை நனைத்தார். இரண்டு கால்களையும் தேய்த்தார். வெயிலில் தூக்கிப் பார்த்தார். வெள்ளை! அப்போதுதான் என் சட்டைக் கையை விட்டாள்.

இரண்டாம் பரிசுதான். துரைசாணியம்மா நாயோடு வந்து, "பாகுஸ், வீரம்மா, பாகுஸ்" என்று மலாயில் பாராட்டினார். அதோடு வீரம்மா கும்பிடு போட்டு நகர்ந்திருக்கலாம். நகரவில்லை. கூடையிலிருந்து கவுனை எடுத்து நீட்டினாள். மங்குஸ்தான் கறை, நாய் மயிர், மாதக்கணக்கான அழுக்கு. தொலைக்கவில்லை, துவைக்கவும் இல்லை, நாய்க்காக வைத்திருந்தேன் என்று அரைகுறை மலாயில் சொன்னாள்.

துரைசாணியம்மாவின் முகம் முதலில் சிவந்தது. பிறகு கவுனை மெல்ல மூக்கருகே கொண்டுபோனார். அப்படியே முகத்தைப் புதைத்துக்கொண்டார். பரிசு நாடா புல்லில் விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை. வெகுநேரம் கழித்துக் கவுனைத் திருப்பிக் கொடுத்து, "சிம்பான்" என்றார். பத்திரமாக வைத்துக்கொள் என்று பொருள்.

வீரம்மா வாங்கிக்கொண்டாள். முப்பது வருஷப் பழக்கம்; உதறுவதற்காகக் கை தானாக ஓங்கியது. பாதியில் நின்றது. மெதுவாகக் கையை இறக்கி, காற்றுக்கூடப் படாமல் கவுனைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள்.